கத்தரிப் பாத்திக் கோலம்

1943ஆம் வருஷம் ஐப்பசி மாதம், மாட்டுங்காவில் ஷ்யாமளா தன் கத்தரிப் பாத்தியைச் சுற்றிப் போட்ட கோலத்தை எந்த உயிராலும் தாண்ட முடியவில்லை. அவள் போட்டு முடித்தபோது அவளுடைய கணவர் ஜம்பு பாத்திக்கு உள்ளே இருந்தார்.

யுத்தகாலம். ரேஷன் அரிசியில் கல்லைப் பொறுக்கிப் போட்டால் பாதிதான் மிஞ்சும் என்பதால், கையகல மண் கிடைத்தவர்கள்கூடக் காய்கறி போட்டார்கள். ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவான ஜம்புவும் கட்டடத்தின் வாசலோரம் கொத்திக் கத்தரி நட்டார். கொத்திய மண்ணைக் கண்டு முதலில் சந்தோஷப்பட்டது தெருவில் திரிந்த வெள்ளைக் கடுவன் பூனைதான். தினமும் வந்து, நாற்றைப் பறித்தெறிந்து, தன் காரியத்தை முடித்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுக் கௌரவமாகப் போகும். ஆரஞ்சுத் தோல் போட்டுப் பார்த்தார்கள். நார்த்தை முள் நட்டார்கள். காப்பிச் சக்கையைக் கொட்டினார்கள். பூனைக்கு அந்த வாசனை பிடித்துப்போய் இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. பின்னாலேயே ஓர் ஆடும் பெருச்சாளியும் வழி தெரிந்துகொண்டன.

கடைசியில் ஷ்யாமளா கோல டப்பாவை எடுத்தாள். எவ்வளவு பெரிய கோலமானாலும் ஒரே இழையில் இழுத்து, தொடங்கின இடத்திலேயே கொண்டுவந்து முடிப்பதில் அவளுக்குப் பெயர். கோலத்துக்கு அரிசிமாவுதான் வழக்கம், எறும்பு தின்னட்டும் என்று. ரேஷன் அரிசியை மண்ணில் கொட்ட மனம் வராமல் அன்று வெறும் கல்மாவால் போட்டாள்.

அதே விடிகாலையில் ஜம்பு, பூனையைக் கையும் களவுமாகப் பிடிக்கத் தடியும் பூவாளியுமாக பாத்திக்குள் இருந்த அவரைக்கொடிப் பந்தலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். இழை பாதி சுற்றி வந்த பிறகுதான் பார்த்தார். "ஷ்யாமா, சித்த நில்லு. நான் உள்ளே இருக்கேன்" என்றார். அவள் காதில் நன்றாக விழுந்தது. ஆனால் எடுத்த இழையை நடுவில் விடக் கூடாது, வாய் திறக்கவும் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே பழகியவள். இடது கையை உயர்த்தி, இருங்கோ என்று சைகை காட்டிவிட்டு, இழையைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

ஜம்பு வெளியே வரக் காலை எடுத்து வைத்தார். கால் காற்றில் முட்டிக்கொண்டது. வழக்கமான நேரத்துக்கு வந்த பூனை, மூக்கை இடித்துக்கொண்டு அவமானப்பட்டு உட்கார்ந்தது. அவள் நீட்டிய சொம்புத் தண்ணீர் அவள் பக்கமே வழிந்தது. மேல்மாடி விசாலாக்ஷி, "நான் மேலேர்ந்து விடறேன்" என்று ஒரு வாளி ஊற்றினாள். குடையில் விழுந்ததுபோல் சிதறி ஷ்யாமளாவைத்தான் நனைத்தது. இழையைத் துடைப்பத்தால் கூட்டினார்கள், அரிவாள்மணையால் சுரண்டினார்கள். கல்லில் செதுக்கியது மாதிரி அப்படியே இருந்தது. பேச்சு மட்டும் இரண்டு பக்கமும் போய்வந்தது. ஆபீஸுக்கு ஜுரம் என்று சொல்லியனுப்பினார்கள்.

மறுநாள் வெயில் கொளுத்தியது. பூவாளியில் அடித்தண்ணீர்தான் மிச்சம். ஜம்பு அதைத் தூக்கிக் கத்தரிக்கு ஊற்றினார்.

"செடி வாடறதுடி."

"செடி கிடக்கட்டும்! நீங்க குடிக்கப்படாதோன்னா?" தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள் ஷ்யாமளா.

மத்தியானத்துக்கு மேல் அவர் பதில் சொல்வதை நிறுத்தினார். பந்தல் காலில் சாய்ந்து, உதடு வெடித்துக் கிடந்தார். கூப்பிட்டாரே, நின்றிருக்கலாமே என்ற ஒரே நினைப்பு ஷ்யாமளாவைப் பிடுங்கித் தின்றது. கோலத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து இழையை வெறித்துக்கொண்டிருந்தாள். ஓர் எறும்புச் சாரி வந்தது. இழையை முகர்ந்தது. ஒன்றுமில்லை என்று திரும்பிப் போனது.

ஷ்யாமளா விருட்டென்று எழுந்தாள். வாரம் முழுமைக்கும் வைத்திருந்த அரிசியைத் திருகையில் போட்டு அரைக்க ஆரம்பித்தாள். "பைத்தியமாடி நோக்கு? நாளைக்கு எதை வடிப்பே?" என்றாள் விசாலாக்ஷி. ஷ்யாமளா மாவை அள்ளிவந்து இழையின் ஒரு மூலையில் தூவினாள்.

எறும்புகள் வந்தன. சயானிலிருந்தும் தாராவியிலிருந்தும் வந்திருக்க வேண்டும். அத்தனை எறும்பு மாட்டுங்காவில் கிடையாது. அரிசிமாவு எது, கல்மாவு எது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போயின. சாயங்காலத்துக்குள் இழையில் ஒரு முழத்துக்கு வழி விட்டுவிட்டது. முதலில் நுழைந்தது வெள்ளைக் கடுவன். ஜம்புவை ஒரு பார்வை பார்த்து, கத்தரிக்கு அடியில் தன் காரியத்தை முடித்து, வந்த வழியே வெளியேறியது. யாரும் விரட்டவில்லை. அதன் பின்னாலேயே ஜம்பு தவழ்ந்து வந்தார். மண்ணோடு மண்ணாக இருந்தவரை மடியில் சாய்த்துத் தண்ணீர் புகட்டிக்கொண்டே ஷ்யாமளா ஓவென்று அழுதாள்.

அந்தக் கோலம் அடுத்த மழைக்கும் அதற்கடுத்த மழைக்கும் அழியவில்லை. ஆடும் பெருச்சாளியும் அந்த வழியைக் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. ஜம்பு தினமும் தவழ்ந்து போய்த் தண்ணீர் விட்டார். ஒரு மூலையைப் பூனைக்கென்று ஒதுக்கினார்கள். கத்தரி நன்றாகவே காய்த்தது. பிறகு செம்பூருக்குக் குடிமாறிப் போனார்கள். அங்கே ஷ்யாமளா வாசலில் கோலம் போடும்போது ஜம்பு உள்ளேயிருந்து, மூக்குக் கண்ணாடி எங்கே என்று எதற்காவது கூப்பிடுவார். அவள் இழையைப் பாதியில் விட்டுவிட்டு, "இதோ வந்துட்டேன்னா" என்று எழுந்து போவாள்.