இடது பக்கத்து நட்டு

...இல்லை, கோடு இருந்தது, மஞ்சள் கோடு, இடது சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு பிடித்து வைத்திருக்கிற நட்டின் மேல், அவன்தானே போட்டான், பிரஷ்ஷைத் துணியில் துடைத்ததுகூட நினைவிருக்கிறது, ஆனால் கோடு போடுவதற்கு முன்னால் ரெஞ்சில் அந்த ‘டக்’ கேட்டதா? கேட்டது. வலது பக்கத்திலா, இடது பக்கத்திலா... கார் மலைச்சாலையின் முதல் வளைவில் இறங்கியது, மனைவி ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினாள், பழைய ஸ்டீயரிங் என்றால் இந்நேரம் மல்லுக்கட்டியிருக்க வேண்டும், இப்போது வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது, புது ஸ்பிரிங்கும் புது ஷாக் அப்சர்பரும் வளைவில் சாயாமல் தாங்கின, சந்தோஷப்பட வேண்டியவன் காலடியில் கேட்கிற ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், வீட்டில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர், என்ன செய்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் என்று அவள்தான் வைத்தாள். மாப்பிள்ளையின் இடது முன்சக்கரம் சரியாக அவன் காலுக்கு முன்னால் சுழன்றுகொண்டிருந்தது.

இந்தக் காரை வாங்கிய அன்றே இருவரும் போட்டுக்கொண்ட சட்டம் அது, ஒருவர் நட்டை முறுக்கினால் மற்றவர் பெரிய ரெஞ்சை வைத்துச் சோதிக்க வேண்டும், இறுக்கம் போதும் என்றால் ரெஞ்சே ‘டக்’ என்று சொல்லிவிடும், அதற்குப் பிறகுதான் மஞ்சள் கோடு, முறுக்கினவர் கோடு போடக்கூடாது. ஒருநாளும் மீறியதில்லை. நேற்று புது ஸ்டீயரிங்கைப் பூட்டும்போது மீறினான், எல்லாம் இந்தப் பாழாய்ப்போன வாயால் வந்தது, “உன் தோளுக்காகத்தானே இத்தனை கூத்தும்” என்று சொல்லித் தொலைத்தான், தோளில் ஆபரேஷன் ஆனதிலிருந்து பழைய ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியாமல் அவள் சாவியையே தொடாமல் இருந்தாள், அது அவனுக்குத் தெரியாதா என்ன, தெரிந்தும் சொன்னான். அதன்பிறகு பகல் முழுக்க இரண்டு ஊமைகள் ஒரு காரைப் பூட்டினார்கள். வலது பக்கத்தை அவன் முறுக்கினான், அவள் சோதித்தாள், ‘டக்’... ஆமாம், அவன் காதில் இருக்கிற ‘டக்’ அதுதான். இடது பக்கத்தை அவள் முறுக்கினாள், குழாயடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவினாள், அவன் ரெஞ்சை எடுத்தான், எடுத்தவன் யோசித்தான், உன் கையை நான் நம்பவில்லை என்றுதானே இந்தச் சத்தம் அவளுக்குக் கேட்கும்? ரெஞ்சை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டுக் கோட்டைப் போட்டான். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் கோடு போட்டு மன்னிப்புக் கேட்டானாம், பெரிய மனசு, சபாஷ்!

கையால் முறுக்கிய நட்டு கொஞ்ச தூரம் தாங்கும், பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் நூலளவு கழன்று வரும், பிறகு சக்கரம் ஒரு பக்கம், ஸ்டீயரிங் ஒரு பக்கம்... வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் முழங்கால் உயரச் சுவர், அதற்கப்பால் மரங்களின் உச்சிதான் தெரிந்தது. கீழே ஏதோ கடகடத்தது, கல்லாக இருக்கும், கல்தான், மறுபடியும் கடகடத்தது. நிறுத்து என்று ஒரு வார்த்தை போதும், ஆனால் ஏன் என்று கேட்பாளே, உன்னால் முடியாது என்று நேற்று வாயால் குத்தினதை இன்று செய்து காட்டினதாகிவிடுமே, எத்தனை நாள் கழித்து ஸ்டீயரிங் பிடித்திருக்கிறாள்... உயிரைவிட ரோஷம் பெரிதா? அவளுடைய ரோஷமா, தன்னுடையதா? திரும்பிப் பார்த்தான், அவள் விரல்முட்டிகள் வெளுத்திருந்தன, பல்லைக் கடித்திருந்தாள், இன்னும் கோபம் தீரவில்லை. எதிரே ஒரு லாரி ஏறி வந்தது, அவள் சுவரோரம் ஒதுக்கினாள், அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

லாரி போனதும் அவள் பேசினாள், சாலையிலிருந்து பார்வையை எடுக்காமல். “இடது பக்கத்து நட்டு... கை வலில என்னால கடைசி வரைக்கும் முறுக்க முடியல. நீங்க சோதிக்கும்போது இறுக்கியிருப்பீங்கன்னு விட்டுட்டேன். குழாய்ச் சத்தத்துல ‘டக்’ கேட்டுச்சா இல்லையான்னு தெரியல.”

“மெதுவா ஓரம் கட்டு,” என்றான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கியரைக் குறைத்துக் குறைத்து, சுவர் விலகிச் சாலை அகன்றிருந்த இடத்தில் வண்டியை இடது சக்கரம் வெளியே திரும்பி நட்டு கைக்கு எட்டும்படி நிறுத்தினாள். எப்போதிலிருந்து பயம் என்று கேட்டான். “கிளம்பறப்பவே,” என்றாள். கிளம்பும்போதே... அவனுக்கும் அப்போதுதான். அப்படியென்றால் அந்த வெளுத்த விரல்கள் கோபமில்லை, இத்தனை வளைவுகளும் இரண்டு பேரும் தெரிந்தேதான் இறங்கியிருக்கிறார்கள், யார் முதலில் வாய் திறப்பது என்று. நட்டை இறுக்க ஒரு நிமிஷம் போதும். இதை? சீட்டுக்குப் பின்னாலிருந்து ரெஞ்சை எடுத்துக்கொண்டு இறங்கினான், முழங்காலிட்டு மஞ்சள் கோட்டின் மேல் அதைப் பொருத்தினான், அவளும் இறங்கி வந்து பக்கத்தில் குந்தினாள். இரண்டு பேரும் நட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் இன்னும் இழுக்கவில்லை.