அண்ணியின் இமைமுடி

வலது கண்ணில் நாற்பதாவது முடியை ஒட்டும்போதுதான் அண்ணி தூங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. தூங்குகிறவர்களின் இமைக்கு அடியில் விழி மெல்ல உருண்டுகொண்டிருக்கும். பதினொரு வருடமாகப் பார்க்கிறேன், எனக்கு அது மனப்பாடம். அண்ணியின் விழி அசையவே இல்லை. வேண்டுமென்றே பிடித்து நிறுத்திய விழி அது. கடந்த பத்து நிமிடத்தில் என் வாயிலிருந்து வந்ததையெல்லாம் நினைத்துப் பார்த்தேன்.

இந்தப் பார்லரில் என் பட்டப்பெயர் ரேடியோ. இமைமுடி ஒட்டுவது இரண்டு மணி நேர வேலை. கீழ் இமையை டேப் போட்டு மூடிவிட்டு, சொந்த முடி ஒவ்வொன்றின் மேலும் ஒரு செயற்கை முடி என்று ஒட்டிக்கொண்டே போகவேண்டும். படுத்திருப்பவர்களால் கண்ணைத் திறக்க முடியாது, பாதிப்பேர் அரை மணியில் குறட்டை விடுவார்கள். ஏசியின் இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியாது. பேசுவேன். இமையின் சரித்திரம்தான் என் நிரந்தர நிகழ்ச்சி. கறுப்பு மைக் கட்டியில் எச்சில் துப்பி பிரஷால் குழைத்துப் பூசிக்கொண்ட காலம், பட்டையாக வாங்கி ஒட்டிய இமைமுடி பாதி விருந்தில் தட்டில் விழுந்த காலம், பொம்மை மாதிரி கீழ் இமையில் முடியை வரைந்துகொண்ட காலம். எல்லாவற்றுக்கும் ஒரு கதை வைத்திருப்பேன், அதில் பாதி என் சொந்தச் சரக்கு.

அண்ணி படுத்து ஒரு மணி நேரம் கழித்து, வழக்கமாக வரும் வக்கீலம்மா பாதம் சுத்தம் செய்துகொள்ள வந்தார். வெந்நீர்த் தொட்டியில் காலை வைத்துக்கொண்டு, "என்ன ரேடியோ, இன்னிக்கு என்ன நிகழ்ச்சி?" என்றார். நான் ஆரம்பித்துவிட்டேன்.

"ஒவ்வொரு ஃபேஷனுக்குப் பின்னாடியும் எதையோ மறைக்கிற ஒருத்தி இருப்பா மேடம்."

"சும்மா அளக்காத."

"நெஜமாத்தான். எங்க அண்ணி இருக்காங்களே, கண்ணைச் சுத்தி இவ்வளவு தடிமனா மை போடுவாங்க. இருபது வருஷத்துக்கு முந்தின ஸ்டைல்னு வீட்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவோம். கடைசில பாத்தா, இமையில ஒத்த முடி கிடையாது. கை சும்மா இருக்காது, உக்காந்து உக்காந்து பிடுங்கிருவாங்களாம். மையை அழிச்சுட்டுப் பாத்தா உரிச்ச கோழி மாதிரி இருந்துச்சு மேடம்."

வக்கீலம்மா தொட்டித் தண்ணீர் சிந்தும்படி சிரித்தார். நானும்தான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

உண்மையில், அண்ணியின் வெறும் இமையை முதலில் பார்த்த அன்று நான் சிரிக்கவில்லை. அண்ணி குளியலறைக் கதவைத் தாழ்போட்டுவிட்டு முகம் கழுவி, எனக்கு மட்டும் காட்டினார். குழந்தை தங்காமல் போன வருடத்திலிருந்து இப்படி. கட்டிய புருஷனுக்கே, அதாவது என் அண்ணனுக்கே, சரியாகத் தெரியாது. "ஏதாவது பண்ண முடியுமா? உன்கிட்டதான் கேக்க முடியும்" என்றார். முடி கொஞ்சமாவது வளர்ந்தால்தான் அதன்மேல் ஒட்ட முடியும் என்றேன். நான்கு மாதம் கையுறை போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறார். விட்ட வேலையில் நாளை மறுபடி சேர்கிறார். யாரும் கண்ணைப் பார்த்து எதுவும் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர் ஆசை.

அந்தக் கண்தான் இப்போது என் விரலுக்கு அடியில் விழித்திருந்தது.

"ரேடியோவுக்கு கரண்ட் போயிருச்சா?" என்றார் வக்கீலம்மா.

மன்னிப்புக் கேட்கவேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது? வாயைத் திறந்து "அண்ணி" என்றால் போதும், படுத்திருப்பது யார் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிடும். என் வாயாலேயே என் வாயைக் கட்டிக்கொண்டேன். மிச்ச முடிகளை ஒட்டினேன். கோணலாகப் போன இரண்டைப் பிரித்து மறுபடி ஒட்டவேண்டியிருந்தது. அண்ணியோ ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டேப்பை எடுத்தேன். அண்ணி எழுந்து கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார். அழகாகத்தான் வந்திருந்தது. என் கைவேலையில் குறை சொல்ல முடியாது, அது இன்னும் அசிங்கமாக இருந்தது எனக்கு.

எல்லோருக்கும் சொல்லும் எச்சரிக்கையை அவருக்கும் சொல்லியாகவேண்டும். ஈரம் பட்டால் பசை பிடிக்காது.

"மேடம்," என்றேன். அண்ணனின் கல்யாணத்திலிருந்து அண்ணி என்று மட்டுமே கூப்பிட்ட வாய். "நாளைக்கு இந்நேரம் வரைக்கும் கண்ணு நனையக் கூடாது."

அண்ணி கண்ணாடிக்குள்ளிருந்தே என்னைப் பார்த்தார்.

"தெரியும்மா. அதான் இவ்வளவு நேரம் நனையாம பாத்துக்கிட்டேன்."

பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வக்கீலம்மா எட்டிப் பார்த்தார்.

"அந்தம்மாவுக்கு எவ்வளவு லட்சணமா அமைஞ்சிருக்கு. உங்க அண்ணிக்கும் இந்த மாதிரி ஒட்டிவிடேன், பாவம்."

தலையாட்டினேன். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன், எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் அண்ணி தனியாக நின்றிருந்தார். இரண்டு கைகளாலும் பையின் வாரைப் பிடித்திருந்தார். பிறகு வலது கை மட்டும் வாரை விட்டு, மெதுவாக, முகத்துக்கு நேராக உயர்ந்தது. ஒரு பஸ் வந்து நடுவில் நின்றது.