மூன்று மணிக்கு அறுகிற லைன்

வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துக் கம்பியில் மாட்டி முறுக்கினான் றஜீவன். மணி இரண்டு ஐம்பத்தொன்று. இன்னும் ஒன்பதே நிமிஷம்.

ஏணி ஆடியது. ஆலங்குடாவில் இந்த மாதத்துக் காற்று ஆளையே தூக்கும். கடல்மேல் ஏழெட்டுப் பட்டங்கள் சரிந்து சரிந்து பறந்தன. அவற்றில் தொங்கிக்கொண்டு உல்லாசப் பயணிகள் அலைமேல் ஓடினார்கள். அவர்களுடைய ஹோட்டல்களுக்காகத்தான் இந்தப் பக்கம் பைபர் லைனே வந்தது.

"தம்பி! மேல நித்திரையா?" கீழேயிருந்து மஹ்மூதா உம்மா சத்தம் போட்டாள். "மூணு மணிக்கு மகன் கோல் எடுப்பான். இண்டைக்கும் அறுந்திச்செண்டா ஒங்கட கொம்பனிப் பெட்டியக் கிணத்துல போட்டுடுவன்!"

"கிணத்துக்குள்ளயும் சிக்னல் வரும் உம்மா. எங்கட லைன் அப்பிடி."

"மொதல்ல ஊட்டுக்குள்ள வரட்டும்!"

அவள் மகன் முஆஸ் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவன் வீடியோவில் வரும் நேரம் இங்கே மூன்று மணி. மூன்று மாதமாக அவன் முகத்தை அவள் காணவில்லை. அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வருகிற பன்னிரண்டாம் திகதி புத்தளத்தில் ஒப்பரேசன். ஒரு கண்ணுக்கு உறுதி சொல்ல முடியாது என்று டொக்டர் கையை விரித்துவிட்டார். கத்தி வைக்குமுன் பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆசை. பெரிய டீவியில் போட்டால் மூக்கும் முழியும் மட்டுமட்டாகத் தெரியும் என்று டீவிகூட வாங்கி வைத்துவிட்டாள்.

லைன்தான் வாய்க்கவில்லை. இரண்டு மாதத்தில் மூன்று கொம்பனி மாற்றியாயிற்று. டெலிபோன் கம்பி, சிம் போடுகிற பெட்டி, கூரையில் அன்டெனா, மூன்றும் சரிவரவில்லை. நாலாவதைத் தேட, மாப்பிள்ளை பார்ப்பதுபோல் விசாரித்தாள். மீன்காரனைக் கேட்டாள், பள்ளிவாசல் மோதினாரைக் கேட்டாள், ஹோட்டலில் சமைக்கிற கோக்கியைக் கேட்டாள். எல்லாரும் கைகாட்டியது றஜீவனின் கொம்பனியை.

அதுவும் மூன்று வெள்ளிக்கிழமை தொடர்ந்து அறுந்தது.

பத்து வருஷமாகக் கம்பி இழுக்கிறவன் றஜீவன். வன்னியிலிருந்து ஓடிவந்த தாய்தகப்பனுக்குப் புத்தளத்தில் பிறந்தவன். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டார்கள், எல்லாம் அத்துப்படி. புருஷன் இறந்து மனைவி இத்தா இருக்கிற வீடென்றால் வாசலோடு திரும்பிவிடுவான். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து உள்ளே இருக்கிறவளை அந்நிய ஆண் பார்க்கக் கூடாது. மற்ற வீடுகளிலும் இளம் பெண்கள் திரைக்குப் பின்னால் நின்று கதைப்பது வழக்கம்தான். அதனால்தான், லைன் பூட்ட வந்த அன்று முஆஸின் மனைவி ஸும்ரா திரையிடுக்கால் கையை நீட்டி, "பெட்டியத் தாங்க, என்ட அறையில நானே வைக்கிறன்" என்றபோது அவன் ஒன்றும் யோசிக்கவில்லை.

இரண்டு ஐம்பத்தைந்து. மீற்றரை வைத்துப் பார்த்தான். கண்ணாடி மாதிரி லைன்! இறங்கி ஹோலுக்குள் ஓடினான். டீவி விழித்திருந்தது. மஹ்மூதா முக்காட்டைச் சரிசெய்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், மகன் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பதைப் போல.

இரண்டு ஐம்பத்தெட்டு. டீவியில் வட்டம் சுற்றியது. 'இணைப்பு இல்லை.'

"யா அல்லாஹ்!" என்றாள் மஹ்மூதா.

றஜீவன் முற்றத்துக்குப் பாய்ந்து புத்தளம் ஒபிசுக்குப் போன் அடித்தான். "தினுஷன், எங்க அறுந்தது? கெதியாப் பார்!"

"அறுகேல்லை அண்ணே. பெட்டி கடைசி மூச்சு விட்டிருக்கு."

கரண்ட் போகிற நொடியில் அந்தப் பெட்டி ஒபிசுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும். அதைத்தான் அவர்கள் கடைசி மூச்சு என்பார்கள். கம்பி அறுந்தால் அது வராது.

"கரண்ட் இருக்கடா." உள்ளே பேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப ஆரோ பிளக்கைப் பிடுங்கியிருக்கினம். நாலு வெள்ளிக்கிழமையும் ரெண்டு அம்பத்தெட்டு. பிசகேயில்லை!"

றஜீவன் போனைப் பைக்குள் போட்டான். ஸும்ராவின் அறைத் திரைக்கு முன்னால் போய் நின்றான்.

"தங்கச்சி, பிளக்கைக் கழட்டினது நீங்களா?"

உள்ளே மூச்சுச் சத்தம். பிறகு, "மெதுவாக் கதைங்க. மாமிக்குக் கேக்கும். ஓம், நான்தான்."

"முந்தின கொம்பனியளும்?"

"அதுவும் நான்தான். அவங்கட லைன் எல்லாம் நல்லந்தான். ஒங்கடது அத விட நல்லம். அதான் பயமா இரிக்கி."

"என்ன தம்பி அங்க குசுகுசு?" ஹோலிலிருந்து மஹ்மூதா.

"பெட்டி நம்பர் கேக்கிறன் உம்மா!" என்றவன் குரலைத் தாழ்த்தினான். "பெத்த தாய் பிள்ளையைப் பாக்கிறதை ஏன் தடுக்கிறீங்கள்?"

"மாமிக்குப் பிறஷர். ஏறிச்செண்டா ஒப்பரேசன் இல்லையெண்டு டொக்டர் சொல்லிட்டார். அது முடியட்டும். கண் தொறந்தா அவவுக்கே தெரிஞ்சிடும், நான் வாயால சொல்லத் தேவையில்ல." குரல் உடைந்தது. "ஒங்கட லைனும் சரியில்லையெண்டு சொல்லிட்டுப் போங்க அண்ணன். அல்லாஹ்வுக்காக."

றஜீவனுக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கியதாக நினைத்தான். அங்கே இன்னொரு கலியாணம்! வெளிநாட்டுக்குப் போய் வேறு குடும்பம் நடத்துகிறவர்களின் கதை அவன் கேட்காததா? முகத்தை எப்படிக் காட்டுவான்? முஆஸைப் பல்லைக் கடித்து மனதுக்குள் திட்டினான்.

ஹோலுக்கு வந்தான். தன் தொழிலில் ஒரு நாளும் சொல்லாததைச் சொன்னான். "எங்கட லைனும் சரிவராது உம்மா. கடல் காத்து, உப்புப் பிடிக்குது. வேற கொம்பனி பாருங்கோ."

ஏச்சு வரும் என்று தலையைக் குனிந்துகொண்டான். வரவில்லை. மஹ்மூதா சுவரைத் தடவிக்கொண்டு அவனோடு கேற் வரை நடந்து வந்தாள்.

"ஒங்கள ஏசி என்ன தம்பி. வொய்ஸ் மெசேஜ் மட்டும் வருது. மருமகள் போன்ல போட்டுக் காட்டுவா. 'சாப்பிட்டீங்களா உம்மா, மருந்து போட்டீங்களா?' பொறகால ஒரு லொறி ஹோன் அடிக்கும்." அவள் கை கேற்றைத் தேடிப் பிடித்தது. "மூணு மாசமா அதே ஹோன்."

றஜீவன் ஏணியைத் தோளில் ஏற்றினான்.

"அக்கம்பக்கத்து ஆக்களும் இப்ப உள்ளுக்கு வாறல்ல. வாசல்ல நிண்டு ஸலாம் சொல்லிட்டுப் போறாங்க. அவங்கட கொரலும் ஒரு மாதிரி." அவள் முகம் அவன் பக்கம் திரும்பியது. பார்வை அவனைத் தாண்டி எங்கோ நின்றது. "எனக்கு எல்லாம் கஞ்சித் தண்ணிக்குள்ளால பாக்கிற மாதிரித்தான், நிறம் பிடிபடுதில்ல. நீங்க சொல்லுங்க மகன். மருமகள் இண்டைக்குப் பச்சை உடுத்திரிக்கன் எண்டா. மெய்யா?"

அந்த நேரம் பார்த்துக் காற்று மோதியது. அறை ஜன்னலின் திரை மேலே பறந்தது. உள்ளேயிருந்து இரண்டு கைகள் அதை எட்டிப் பிடிக்கப் பதறின.

ஒரு கணம்தான். றஜீவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் வாசலோடு திரும்பிப் போயிருக்க வேண்டிய வீடு இது.

"ஓம் உம்மா," என்றான். "பச்சைதான்."

மஹ்மூதா தலையசைத்தாள். நம்பினாளோ இல்லையோ, கேற்றை மெல்லச் சாத்தினாள்.

ஜன்னலில் ஸும்ரா திரையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை முதல் கால் வரை வெள்ளை.