பேசினது யாரு

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கிழக்கே பார்த்துக் குனிந்து நிமிர்ந்த பிறகும் ஜப்பான்காரன் எங்களை வேலைக்குக் கலையவிடவில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பரஞ்சோதி என் அம்மாவை முன்னால் கூப்பிட்டார். முந்தின நாள் திருவிழாவில் பூசிய மஞ்சள் இன்னும் அவள் முகத்தில் இருந்தது.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் களத்துக்கு மேற்கே இருக்கிறது. தினமும் காலையில் ஜப்பான் ராஜாவை நினைத்துக் கிழக்கே குனியும்போது எங்கள் பின்புறம் அம்மனைப் பார்த்துத்தான் இருக்கும். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நேற்று அம்மாவுக்கு அருள் வந்தபோது அம்மனே சொல்லிவிட்டாள்.

"எனக்குக் குண்டியக் காட்டிக்கிட்டு எவனுக்குடா கும்பிடு? அவன் சாமியாடா? மனுசப் பயடா!"

கூட்டமே அம்மாவின் காலில் விழுந்து திருநீறு வாங்கியது. அந்தக் கூட்டத்தில்தான் யாரோ ஜப்பான்காரனிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜப்பான்காரன் மலாய் மொழியில் கத்தினான். கிராணி தமிழில் சொன்னார்.

"பேசினது சாமியா பொம்பளையான்னு தொரை கேக்குறாரு. சாமின்னா கோயில இடிச்சிருவாராம். பொம்பளைன்னா அவளுக்கு மட்டுந்தான் அடி. சீக்கிரம் சொல்லுங்க."

எல்லோரும் பூசாரி இருளப்பனைப் பார்த்தார்கள். சயாமுக்கு ரயில் பாதை போடப் போன மகன் திரும்புவானா என்று நேற்று அம்மாவின் காலடியில் புரண்டு அழுதவர் அவர்.

"சாமியெல்லாம் இல்லீங்க கிராணி. கள்ளு உள்ள போச்சுன்னா செல்லாயி ஆடுவா."

"போகலன்னாலும் ஆடுவா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். அம்மா கள்ளைத் தொட்டதே இல்லை.

"நீயே சொல்லு செல்லாயி. பேசினது யாரு?" என்றார் கிராணி.

"நான் என்னங்க பேசினேன்?"

அம்மா நிஜமாகத்தான் கேட்டாள். அருள் இறங்கிவிட்டால் அவளுக்கு எதுவும் நினைவில் நிற்காது. சாமி சொன்னதைச் சாமியாடியிடம் திருப்பிச் சொல்வதும் எங்கள் வழக்கமில்லை.

ஜப்பான்காரன் சிரித்தபடி ஏதோ சொன்னான். கிராணி தரையைப் பார்த்துக்கொண்டார்.

"தொரை அடிக்கமாட்டாராம். நீங்கதான் அடிக்கணும், ஆளுக்கு ஒண்ணு. மெதுவா அடிக்கிறவனுக்குச் சப்பாத்துக் காலால ஒதையாம்."

எல்லோரும் வரிசையாக நின்றார்கள். முதல் ஆள் இருளப்பன். "மன்னிச்சிரு ஆத்தா," என்று உதட்டுக்குள் முணுமுணுத்துவிட்டு ஓங்கி அறைந்தார். உள்ளங்கையில் ஒட்டிய மஞ்சளை வேட்டியில் துடைத்துக்கொண்டே போனார். அடுத்தடுத்து வந்தவர்களும் துடைத்துக்கொண்டார்கள். அம்மாவின் உதடு கிழிந்தது. ஒரு கண் மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டுக் குணவதி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைந்தாள். அந்த அறை அம்மாவின் காதில் பட்டது.

"இது அவ மகளுங்க, சின்னப் பொண்ணு," என்று கிராணி மெல்லச் சொன்னார். ஜப்பான்காரன் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான்.

அம்மா திறந்திருந்த கண்ணால் அவன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு முழங்காலை மடக்கி, என் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்தாள்.

"பலமா அடி கண்ணு."