அப்பா வைத்த நேரம்

ஸ்டூலில் ஏறி நின்று, கூடத்துச் சுவரில் இருந்த எலக்ட்ரானிக் கடிகாரத்தைக் கழற்றினாள் மகள். கீழே, நடுக்கூடத்தில், அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள்.

"எழவு வீட்ல கடிகாரத்துக்கு என்னடி அவசரம்?" என்றாள் அத்தை.

"மணி சரியா காட்டுது அத்தை."

"சரியா காட்டுறது ஒரு குத்தமா?"

அந்த வீட்டில் குற்றம்தான். அப்பா அதை எப்போதும் பத்து நிமிடம் கூட்டித்தான் வைப்பார். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு உபசாரம் நடந்ததில்லை. மெல்லிய துணியால் அதன் முகம் துடைப்பார். கரண்ட் போனாலும் நேரம் மறக்காமலிருக்க உள்ளே ஒரு பேட்டரி உண்டு. அது தீருமுன்பே புதிது போட்டுவிடுவார். வீட்டில் எல்லோரும் பத்தைக் கழித்துவிட்டுத்தான் மணி சொல்வார்கள். ஊரறிந்த பொய்யை வைத்து யாரை ஏமாற்றினார் என்பது அவருக்கே வெளிச்சம்.

இன்று அது அவள் போனோடு ஒத்துப்போனது. எதையாவது குடைவது அவள் பிறவிக்குணம். அழுது வீங்கிய கண்ணோடும் விடவில்லை. பின்மூடியைத் திறந்தாள். பேட்டரி கசிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தது. தம்பியைக் கூப்பிட்டாள்.

"போன வாரம் கரண்ட் போச்சுக்கா. வந்ததும் பன்னெண்டு பன்னெண்டுன்னு மின்னிட்டிருந்துச்சு. அப்பாவால எழுந்திருக்க முடியல. நான்தான் போனைப் பாத்து வெச்சேன்."

"பத்து கூட்டலையா?"

"மறந்துட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"இதெல்லாம் ஒரு சேதியா?"

பின்மூடியை மூடினாள். நேற்று மாலை அவள் உள்ளே நுழைந்ததும் அம்மா சொன்னாள், "ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே போயிட்டார்டி." ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அவள் போனில் மணி ஆறு. பத்து நிமிடத்தில் அப்பாவைக் கோட்டைவிட்டேனே என்று விடியவிடியத் தன்னைத்தானே திட்டித் தீர்த்திருந்தாள்.

இறங்கிப் போய் அம்மாவின் பக்கத்தில் குனிந்தாள். அம்மாவுக்குக் காது மந்தம்.

"அப்பா போனப்ப கடிகாரத்துல மணி என்னம்மா?"

"ஆறு. பத்தைக் கழிச்சுத்தானே உனக்குச் சொன்னேன்?"

"கடைசியா எதாவது சொன்னாரா?"

"இல்ல. முகத்தை மட்டும் வாசல் பக்கம் திருப்பினார். லேசா சிரிச்ச மாதிரி இருந்துச்சு. யாருமே இல்லையே, எதைப் பாத்து சிரிக்கிறார்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

நேற்று ஆறு மணிக்கு அவள் கேட்டின் துருப்பிடித்த தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் நிலை இவ்வளவு மோசம் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. "ஏம்ப்பா, இதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடக்கூடாதா? கடிகாரத்துக்கு மட்டும்தான் கவனிப்பா?" என்று தெருவே கேட்கக் கத்தியிருந்தாள்.

"வாசல்ல நான் நின்னேம்மா," என்றாள்.

"என்ன?"

"நான் நின்னேன். என் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கு!"

கூடமே திரும்பிப் பார்த்தது. விடிந்ததிலிருந்து அப்பாவை ஒட்டியே உட்கார்ந்திருந்த அம்மா, சற்று நகர்ந்து, நடுவில் மகளுக்கு இடம் விட்டாள்.