சின்ன அட்டாமைசரும் கெங் போவின் நாக்கும்

1

லூவோ அக்கா என்னிடம் கேட்டது கதை இல்லை. ஷாஜிங்கில் அவருக்கு ஒரு பட்டறை இருக்கிறது. மின்சிகரெட்டின் தலையில் திருகி மாட்டி, திரவத்தை ஆவியாக்குகிற அட்டாமைசர்களைக் கடைந்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். நான் அதே கட்டிடத்தின் மாடியில் பல வருடமாகக் குடியிருக்கிறவன். எழுதுகிறவன் என்று தெரிந்த நாளிலிருந்து ஏதாவது ஒன்றை எழுதித் தரச் சொல்வார்.

"தம்பி, புது மாடல் ஒண்ணு வந்திருக்கு. கெங் போ அதைப் பாத்து என்ன சொல்றானோ, அதை அப்படியே அரைப் பக்கத்துல எழுதிக் குடு. ஜோடனை எல்லாம் வேணாம்."

உட்கார்ந்து நான் எழுதிய முதல் வரி இது:

அளவில் சிறியதும், சூடேறும் கம்பிச்சுருளான காயிலை நாமே சுற்றி, பஞ்சை நாமே நுழைத்து, திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு இழுக்க வேண்டியதுமான இந்த அட்டாமைசர், அனுபவசாலிகளுக்கு—

அதற்குமேல் வாக்கியம் நகரவில்லை. ஒரு கணவனும் மனைவியும் குறுக்கே வந்து நின்றுவிட்டார்கள். மதிப்பீடு கெட்டுக் கதை ஆனது இப்படித்தான்.

(ஒரு எச்சரிக்கை: நான் இதை இழுக்கிறவன் இல்லை. ஒருமுறை இழுத்தேன். என் இருமலைக் கேட்டு எதிர்க்கடைக்காரர் தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடிவந்தார். எனவே ருசி பற்றி இங்கே வருவதெல்லாம் பிறத்தியார் சொன்னது.)

2

கெங் போவை எப்படி அறிமுகப்படுத்துவது?

கெங் போ ஈவிரக்கமற்ற மனிதன்—

பொய். யார் வீட்டுக் கல்யாணத்திலும் முதலில் கண்ணைத் துடைக்கிறவன் அவன்தான். நாக்கு மட்டும்தான் பொல்லாதது. ஹூனான்காரன், தர்பூசணிக்குக்கூட மிளகாய்ப்பொடி கேட்பான். ஆனால் அந்த நாக்கில் பட்ட ஆவி எந்தப் பழத்தினுடையது, பஞ்சு எங்கே காய்ந்திருக்கிறது என்பதெல்லாம் தப்பாது. சுற்றுவட்டாரத்துப் பட்டறைகள் புது மாதிரியை முதலில் அவனிடம்தான் நீட்டும். ஒன்றைப் பார்த்து, "கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்" என்றான். இன்னொன்றுக்கு, "குளிர்காலத்துல குளிர் காயலாம்." சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செல்போனில் பரவிவிடும். அந்தப் புது மாதிரி பிறகு சந்தையில் எழுந்திருக்காது.

அவன் மனைவி ஹுவாங் யிலின் சாவ்ஷான்காரி. பெரிய கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டரில் பாகங்கள் வரைகிற வேலை. அங்கே அவள் வரைவதை மூன்று மேலதிகாரிகள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். முடிவில் வெளியே வருவது அவளுக்கே அடையாளம் தெரியாது. யாரும் இழுக்காத ஒன்றை வரைய ஆசைப்பட்டு, கணவன் வெளியூர் போன நாட்களில் சமையலறை மேசையில் உட்கார்ந்து இந்தச் சின்ன அட்டாமைசரை வரைந்தாள். நேராக லூவோ அக்காவிடம் கொண்டுவந்தாள். வரைந்தது தான்தான் என்று கெங் போவுக்குத் தெரியக் கூடாது என்பது ஒரே நிபந்தனை.

"ஏண்டி, புருசன்கிட்ட சொன்னா என்ன?"

"நல்லாருக்குன்னு சொன்னா பொண்டாட்டிக்காகச் சொன்னான்னு தோணும். நல்லால்லேன்னு சொன்னா அவனுக்குச் சோறு யாரு போடுறது?"

அக்கா சிரித்தார். ஆனால் தொழிலில் கறார். "அவன் சரின்னா எந்திரத்துல ஏத்தி மொத்தமா அடிக்கிறேன். இல்லேன்னா வேற மாடலைப் பாத்துக்குவேன். அப்புறம் என்கிட்ட மூஞ்சியத் தூக்கக் கூடாது."

[முதல் வரைவில் அடுத்த வரி: யிலின் வீட்டில் நெஞ்சு படபடக்கக் காத்திருந்தாள்— அடித்துவிட்டேன். யார் காத்திருப்பார்கள்? நீங்கள் காத்திருப்பீர்களா?]

3

கெங் போ பார்க்கிற அன்று யிலின் பட்டறைக்கே வந்தாள். கையில் அவள் ஊர்ச் சிப்பி ஆம்லெட் ஒரு டப்பா நிறைய. மதியச் சாப்பாடு கொண்டுவந்தேன் என்பது சாக்கு. நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். எனக்குச் சாக்குகூடக் கிடையாது.

அக்கா அந்த வரைபடத்தின்படி கடைந்து வைத்திருந்த அட்டாமைசரைக் கெங் போ விரல் நுனியில் வைத்துத் திருப்பினான்.

"இதென்ன அக்கா, சட்டைப் பொத்தானா?"

"பாத்துச் சொல்லுடா."

மூடியைக் கழற்றினான். உள்ளே சின்னஞ்சிறு தட்டு, அதில் இரண்டு தூண், தூணுக்கொரு ஸ்குரூ. ஸ்குரூ டிரைவர் இரண்டு தரம் வழுக்கியது.

"இதை வரைஞ்சவன் மனுசக் கையைப் பாத்து வரைஞ்சானா, எறும்புக் கையைப் பாத்து வரைஞ்சானா?"

"ஒன் கை உருளைக்கிழங்கு மாதிரி இருந்தா வரைஞ்சவங்க என்ன பண்ணுவாங்க?" என்றாள் யிலின்.

"நீ ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்குறே?"

"அவன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

லூவோ அக்கா அவசரமாக ஆம்லெட்டைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

கெங் போ கம்பியைச் சுற்றிக் காயில் செய்து, தூண்களில் பொருத்தி, மூடியைப் போட்டு மின்தடை காட்டும் மீட்டரில் வைத்தான். முள் செத்துப்போய்க் கிடந்தது.

"பாத்தீங்களா? காயில் மூடியில தட்டி ஷார்ட் ஆகுது. வெறும் பேட்டரிக் குழாயில மாட்டியிருந்தேன்னா இந்நேரம் கை வெந்துருக்கும். அக்கா, இது பழகாத ஆளுங்க கையில போகவே கூடாது."

"நேரா வெச்சா தட்டத்தான் செய்யும். குடு இப்படி!"

யிலின் பிடுங்கிக்கொண்டாள். காயிலை இம்மியளவு சாய்த்தாள். தூணுக்கு வெளியே நீண்டிருந்த கம்பியை ஒட்ட நறுக்கினாள். பஞ்சை நுழைத்து, நுனி தட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கத்தரித்தாள். மூடினாள். மீட்டர் முள் சரியான எண்ணில் போய் நின்றது.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றான் கெங் போ.

"பாத்தாலே தெரியுதே."

* இங்கேதான் என் தலைவலி. அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டதா? தெரிந்தது என்றால் மேற்கொண்டு வருவது ஒரு கதை. தெரியவில்லை என்றால் வேறொரு கதை. நான் நின்ற படியிலிருந்து அவன் முதுகுதான் தெரிந்தது. ஆகவே முகத்தைப் பற்றி எழுத மாட்டேன். முதுகு சாதாரணமாகத்தான் இருந்தது.

4

லிச்சித் திரவம் சில சொட்டு. முதல் இழுப்பைக் கெங் போ மூக்கு வழியே விட்டான். இரண்டாவதுக்குப் பிறகு தலையை ஆட்டினான்.

"லிச்சியைத் தோலுரிச்ச கையோட வாயில போட்ட மாதிரி இருக்கு. பெரிய கூடத்துல பேசினா பாதி பேச்சு காத்துல போயிரும்ல? இது சின்ன அறை அக்கா. ஒரு சொல்லும் வீணாகல. இவ்வளவு சுத்தமா நான் இழுத்ததே இல்ல."

அக்கா தொடையில் தட்டினார். யிலின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அங்கே தொங்கிய காலண்டரை வெகு அக்கறையாகப் படித்தாள். அது போன வருடத்துக் காலண்டர்.

இங்கே முடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! முடித்தும் பார்த்தேன்: எல்லோரும் மனம்விட்டுச் சிரித்தார்கள், வெளியே மழை—

ஆனால் கெங் போ விடாமல் இழுத்துக்கொண்டே போனான். "ஆ!" என்று உதட்டைப் பிடித்தான். பிடித்த வேகத்தில் கையிலிருந்தது சாய, காற்றுத்துளை வழியே லிச்சி அவன் பேண்டில் வழிந்தது.

"அக்கா, ஏத்தாதீங்க."

"என்னடா, இப்பத்தானே ஆகா ஓகோன்னே?"

"ருசி ருசிதான். ஆனா மூடி கொதிக்குது. சுவர் ரொம்ப மெல்லிசு, அரை மில்லிமீட்டர் கூட்டணும். துளை இன்னும் மேல போகணும். இப்படியே வித்தா வாய் பொசுங்கினவனெல்லாம் ஒங்களைத்தான் திட்டுவான்."

"அரை மில்லியா!" யிலின் காலண்டரை விட்டுத் திரும்பினாள். "அரை மில்லி கூட்டினா அப்புறம் அது என்ன சின்னது? உள்ள இருக்கிற அறை குறையக் கூடாதுன்னுதானே நான் ராவும் பகலும்—"

(பாதியில் நின்ற இந்த வாக்கியம் நான் கைவிட்டதல்ல. அவளே விட்டது.)

கெங் போ பேண்டைத் துடைத்தான். நிதானமாகத் துடைத்தான். பிறகு சொன்னான்:

"அப்ப கூட்ட வேணாம். மூடியைச் சுத்தி வெளிப்பக்கம் வரிவரியா வெட்டு(ங்க). சூடு அது வழியா ஆறிடும். அறை அப்படியே இருக்கும்."

அந்த அடைப்புக்குறிக்கு மன்னியுங்கள். அவன் பேசிய மொழியில் அந்த வினைச்சொல் ஒன்றுதான். யாரிடம் சொன்னாலும் மாறாது. தமிழ் அப்படி விடுகிறதா? 'வெட்டுங்க' என்று எழுதினால் அக்காவிடம் சொல்கிறான். 'வெட்டு' என்று எழுதினால் பெண்டாட்டியிடம் சொல்கிறான், எல்லாம் தெரிந்தே சொல்கிறான். ஒரு விகுதியில் ஒரு கல்யாணம் நிற்கிறது. முதுகைப் பார்த்துக்கொண்டு நான் எப்படித் தீர்மானிப்பேன்?

5

வரி வெட்டிய புது மாதிரி அடுத்த வாரம் வந்தது. துளையும் மேலே ஏறியிருந்தது. கெங் போ உதடு பொசுங்காமல் இழுத்தான். "ம்" என்றான். அவன் 'ம்' என்றால் ஊரே வாங்கும். அக்கா எந்திரத்தில் ஏற்றினார்.

இரகசியம் அதற்குள் வீட்டில் உடைந்திருந்தது. நான் இருவரையும் தனித்தனியே கேட்டேன்.

"கையில எடுத்ததுமே தெரியும்," என்றான் அவன். "விளிம்பை அப்படி மழுக்குறது அவ ஒருத்திதான். தெரிஞ்சும் விட்டுக்குடுக்காம சொன்னேன் பாத்தியா?"

"அவனுக்கா?" என்றாள் அவள். "வாய் வேகுற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. இப்ப வந்து பீத்திக்கிறான்."

அவள் சொல்வது நிஜமானால் அந்த லிச்சிப் புகழ்ச்சி கலப்படமற்றது. அவன் சொல்வது நிஜமானால் அந்த "ஏத்தாதீங்க" அதைவிடப் பெரிய விஷயம். எது வேண்டும் என்று யிலினைக் கேட்டேன். "ரெண்டும்" என்றாள், யோசிக்காமல்.

கடைசியில் இன்னொரு சண்டை. அடிப்பாகத்தில் பெயர் பொறிக்க வேண்டும், யார் பெயர்?

"ஹுவாங் யிலின்னு முழுசாப் போடுங்க அக்கா," என்றான் கெங் போ.

"வேணாங்க்கா. வரி வெட்டச் சொன்னது அவன். அவன் பேரைப் போடுங்க."

"எனக்கெதுக்கு? பேண்ட்ல லிச்சி ஊத்திக்கிட்டதுக்கா?"

"ஆமா, அதுக்குத்தான்!"

அக்கா இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். உள்ளே பொறிக்கும் ஊசி கொஞ்ச நேரம் கிறீச்சிட்டது. என்ன பொறித்தார் என்று கேட்டால், "கழட்டிப் பாத்துக்க" என்கிறார்.

அதில் ஒன்று இப்போது என் மேசைமேல், பேட்டரியோடு மாட்டியபடி நிற்கிறது. எழுத்து அடியில் இருக்கிறது, கழற்றினால்தான் தெரியும். நான் கழற்றவில்லை. ஒரு பெயர் என்றால் ஒரு முடிவு, இரண்டு என்றால் இன்னொன்று, வெறுமனே ஒரு லிச்சிப் படம் என்றால் மூன்றாவது. மூன்றும் எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தாருங்கள், பிடியுங்கள். இடப்பக்கம் திருகினால் கழன்றுவிடும்.