நோலீனின் மைதானத்தில் நாற்பது ஆடுகள்

அந்த வருடம், பூமியின் தென்கோடியில் இருக்கும் எங்கள் டோக்காருவா ஊரில் பெய்த மழை இருக்கிறதே, அப்பப்பா! குளிர்காலம் பிறக்கும் ஜூனில் பிடித்தது ஆகஸ்ட் முடியும்வரை விடவில்லை. மழையென்று நம் ஆட்கள் ரக்பியை நிறுத்திவிடுவார்களா என்ன? சனிக்கிழமை தவறாமல் அந்தச் சேற்றிலேயே உருண்டார்கள். ஆட்டங்கள் முடிந்தபோது மைதானத்தின் நடுவில் புல் என்று சொல்லிக்கொள்ள ஒரு கற்றை இல்லை.

போதாக்குறைக்கு மாவட்ட மன்றத்திலிருந்து நோலீனுக்கு ஒரு கடிதம். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை ஆய்வாளர் வருவார். டிசம்பரில் தொடங்கும் கோடையில் பிள்ளைகள் வெறுங்காலில் ஓட மைதானம் லாயக்கில்லை என்றால் அதை மூடி, மேய்ச்சலுக்குக் குத்தகை விட்டுவிடுவார்கள்.

பதினோரு வருடமாகச் சம்பளமில்லாமல் அந்தப் புல்லைப் பார்த்துக்கொள்பவள் நோலீன். அவளுக்கு வந்ததே கோபம். "என் மைதானத்துல மாடு மேயறதா? நான் செத்ததுக்கப்புறம் வேணா மேயட்டும்!" என்று தபால் நிலையத்தில் ஒரு தடவை, இறைச்சிக் கடையில் ஒரு தடவை, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் ஒரு தடவை சொன்னாள்.

செப்டம்பர் முழுக்க இடுப்பு ஒடிய வேலை. பல் கவையால் மண்ணைக் குத்திக் குத்தி ஓட்டை போட்டாள். தேங்கிய தண்ணீர் இறங்கியது. ஓட்டைகளில் மணலைத் தள்ளி, பள்ளங்களை நிரவினாள். விதைக்கு என்ன செய்வது என்று விழித்தபோதுதான் பக்கத்துப் பால்பண்ணைக்காரன் வார்விக் மூட்டைகளோடும் விதைக்கும் இயந்திரத்தோடும் வந்து நின்றான்.

"காசைப் பத்திப் பேசாத நோலீன். எங்க பண்ணைல போடற அதே விதைதான். புல்லுன்னா புல்லு, அவ்வளவுதானே!"

நோலீனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்குச் சுடச்சுட இறைச்சி அடைத்த அப்பம் மூன்று கொடுத்தாள். மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் படிக்கவில்லை.

ஆறே வாரத்தில் மைதானம் பச்சைப்பசேலென்று ஆகிவிட்டது. போகிறவர்கள் காரை நிறுத்திப் பார்த்தார்கள். நோலீனுக்குத் தலைகால் புரியவில்லை. நவம்பர் நடுவில் ஒருநாள் காலை அந்தப் பச்சைக்குள் வெள்ளை வெள்ளையாக என்னவோ தெரிந்தது. குனிந்து பார்த்தாள். பூ. பூவின் மேல் ஒரு தேனீ. நிமிர்ந்து பார்த்தால் மைதானம் பூராவும் தேனீ.

வார்விக்கை வரவழைத்தாள். "என்னய்யா இது?"

"க்ளோவர்." அதைச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! "க்ளோவர் கலக்காம எவன் புல்லு விதைப்பான்? மாட்டுக்கு உசுரான தீவனமாச்சே. பால் சும்மா கொட்டும்!"

"இங்க எவன்யா பால் கறக்கப் போறான்? ஆறு வயசுப் புள்ளைங்க வெறுங்கால்ல ஓடணும். தேனீ கொட்டினா நீ வந்து ஊதிவிடுவியா?"

வார்விக்கின் முகம் தொங்கிவிட்டது. மூன்று தலைமுறையாக மாடு வளர்க்கும் குடும்பம். மாட்டுக்கு இல்லாத புல்லும் உலகத்தில் உண்டு என்று பாவம், அவனுக்குத் தோன்றவே இல்லை.

பிள்ளைகள் ஓடும் இடம், மருந்து அடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தை ஓட்டிப் பூவை வெட்டினாள். செவ்வாய்க்கிழமை தரையோடு தரையாக மறுபடி பூத்தது. அன்றே மழையும் பிடித்துக்கொண்டது. புதன்கிழமை பார்த்தால் மண் ஊறிக் கிடக்கிறது. இயந்திரத்தை இறக்கினால் சக்கரம் உழுதுவிடும். ஆய்வாளர் வரும் சனிக்கிழமைக்கு மூன்றே நாள். ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் கொட்டகையில் நோலீன் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பள்ளிக்கூட வாத்தியார் டீப்பெனே அவளைத் தேடி வந்தான்.

"ஆன்ட்டி, எங்கிட்ட நாப்பது ஆடு இருக்கு. புல்லை விட்டுட்டு க்ளோவரைத்தான் முதல்ல தேடித் தின்னும். காலும் லேசு. மண்ணு அமுங்குமே தவிர கிழியாது."

"ஆடா? போடா அந்தாண்ட! நாலு கால் எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு மன்றத்துச் சட்டமே இருக்கு. தெரிஞ்சா அன்னைக்கே மூடிடுவாங்க."

"சும்மா இருந்தாலும் மூடத்தான் போறாங்க, ஆன்ட்டி."

நோலீன் வியாழக்கிழமை காலை கதவைத் தன் கையாலேயே திறந்தாள். ஆடுகள் உள்ளே நுழைந்தபோது பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஒரு பூ பாக்கியில்லை. பூவுக்குப் பதிலாகப் புழுக்கை! ஊரே வாளியோடு வந்து குனிந்து பொறுக்கியது. முதல் ஆளாக மண்டியிட்டவன் வார்விக்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆய்வாளர் பிரையனி வந்தாள். சின்னப் பெண். பூட்ஸைக் கழற்றினாள், காலுறையையும் கழற்றினாள், வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்துவிட்டாள். வேலியோரம் ஊரே நின்று பார்த்தது. பாதி தூரம், முக்கால் தூரம். ஒரு தேனீ இல்லை. கடைசி மூலையில் நின்று காலைத் தூக்கிப் பார்த்தாள். விரலிடுக்கில் ஒரு புழுக்கை.

"இங்க ஆடு எப்படி வந்துச்சு?"

"வேலி உடைஞ்சிருச்சும்மா," என்று வார்விக் முந்திக்கொண்டான். "அதுங்களா பூந்து..."

"பொய் சொல்றான்," என்றாள் நோலீன். "வேலியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். தேனீ போகறதுக்கு எனக்கு வேற வழி தெரியல. தப்புதான். என்ன எழுதணுமோ எழுதிக்கோ."

பிரையனி காலைப் புல்லில் தேய்த்துத் துடைத்தாள். பேனாவை எடுத்தாள்.

"இந்தத் தாள்ல ரெண்டே கட்டம்தான் இருக்கு. ஒண்ணு விளையாட்டு, இன்னொண்ணு மேய்ச்சல்." மைதானத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "மேயறதுக்கு இங்க என்ன மிச்சம் வச்சிருக்கீங்க?"

விளையாட்டுக் கட்டத்தில் 'சரி' குறி போட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வேலியில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. செருப்புகளை எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தார்கள். "புல்லை மிதிக்காதீங்கடா!" என்று கத்த நோலீன் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து சிரிப்புதான் வந்தது.